பினா பௌஷின் ‘வசந்த பலி’: மேடையில் மண் எதற்கு, சர்ச்சை எதனால்?

கேட்கப்பட்டது இது: ‘செனகல் கடற்கரையில் ஆப்பிரிக்கக் கலைஞர்கள் ஆடிய வசந்த பலியின் பதிவைப் பார்த்தேன். அதே நடனத்தை ஜெர்மன் குழு மண் பரப்பிய மேடையில் ஆடியதையும் பார்த்தேன். அந்த மண் வெறும் அலங்காரமா? கடைசியில் அந்தப் பெண் களைத்து விழுவது நடிப்பா, நிஜமா? சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் பெண்ணை வதைத்து வேடிக்கை காட்டும் காட்சி என்கிறார்கள், ஏன்? எங்கள் நாடகக் குழுவிலும் மண் பரப்பி ஆடிப்பார்க்க ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?’

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மண் ஆடுபவர்களை உண்மையாகவே களைக்க வைப்பதற்காகப் போட்ட ஏற்பாடு. களைப்பு நிஜம் என்பதால்தான் ஒரு சாரார் அதைக் கொண்டாடுகிறார்கள். மற்றவர்கள் முகம் சுளிப்பதும் அதே காரணத்தால்தான். நாடகக் குழுவுக்கான நடைமுறை விவரங்கள் கடைசியில் வருகின்றன. அவசரம் என்றால் நேரே அங்கே போய்விடலாம்.

ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பௌஷின் வசந்த பலி 1975 டிசம்பர் 3 அன்று ஜெர்மனியின் வுப்பர்டால் நகர ஓபரா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. துணி ஆலைகளால் வளர்ந்த தொழில் நகரம் அது. அரங்க இயக்குநர் ஆர்னோ வூஸ்டன்ஹோஃபர் 1973-ல் பௌஷை அங்கே பாலே பிரிவின் பொறுப்புக்கு அழைத்து வந்தார். பௌஷ் எஸ்ஸன் நகரின் ஃபோக்வாங் பள்ளியில் குர்ட் யோஸ்ஸிடம் பயின்று, பிறகு நியூயார்க்கில் ஜூலியார்டிலும் படித்தவர். முதல் காட்சி நடந்த அன்று மாலை முழுக்க ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கான மூன்று படைப்புகள். மற்ற இரண்டும் நெடுங்காலம் மேடையேறாமல் கிடக்க, ஏறத்தாழ 35 நிமிடம் ஓடும் இந்த ஒன்று மட்டும் உலகம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேடையமைப்பும் உடையும் ரோல்ஃப் போர்ட்ஸிக்குடையவை. அவர் 1980-ல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

பௌஷ் என்றதும் நாற்காலிகளுக்கிடையே நடக்கிறவர்களையும், பார்வையாளர்களிடம் பேசுகிற நடனக் கலைஞர்களையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். கேள்விகள் கேட்டு, கலைஞர்கள் சொல்லும் பதில்களிலிருந்து காட்சி கட்டும் முறைக்கு அவர் பிற்பாடுதான் வந்தார். வசந்த பலியில் பேச்சே கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை அடி அடியாக அமைத்த நடனம். நடனமும் நாடகமும் கலந்த ‘நடன அரங்கு’ என்ற வகையின் உச்சம் என்று கொண்டாடப்படும் இந்தப் படைப்பு, கண்டிப்பாகச் சொன்னால், அவருடைய படைப்புகளிலேயே தூய நடனத்துக்கு மிக அருகில் நிற்பது.

கதையும் சொற்பம். ஒரு பெண் சிவப்புத் துணி ஒன்றின் மேல் படுத்திருக்கிறாள். அந்தத் துணி ஓர் உடை என்பது பிறகுதான் தெரிகிறது. மெல்லிய வெளிர்நிற உள்ளாடை அணிந்த பெண்கள் ஒரு பக்கம், கறுப்புக் காற்சட்டையும் வெற்று மார்புமாக ஆண்கள் ஒரு பக்கம். அந்த உடை பெண்களிடையே கை மாறுகிறது. வாங்கியவள் உடனே வேறொருத்தியிடம் தள்ளிவிடுகிறாள். ஒருவன் தேர்ந்தெடுக்கிறான், ஒருத்தி அதை அணிந்துகொண்டு சாகும்வரை ஆடுகிறாள். மற்றவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

1913 மே 29 அன்று பாரீஸில் ருஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி இதே இசைக்கு அமைத்த மூல வடிவத்தில் இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. பழைய ருஷ்யா, ஊர் முதியோர், வசந்தத்தை வரவழைக்கும் சடங்கு, சூரியக் கடவுள். பௌஷ் இவை அத்தனையையும் கழித்துக் கட்டிவிட்டார். முதியோர் இல்லை, தெய்வம் இல்லை, விளைச்சல் கிடைக்கும் என்ற வாக்குறுதியும் இல்லை. மிச்சமிருப்பது தேர்வு செய்கிற ஆண், தேர்வாகிற பெண், வேடிக்கை பார்க்கும் கூட்டம். பின்னால் வந்த சர்ச்சைகள் முக்கால்வாசி இந்த நீக்கத்திலிருந்து கிளம்பியவைதான். சடங்கு என்ற சாக்கு இருந்தால் பார்ப்பவர், ‘அது அந்தக் காலத்து வழக்கம்’ என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அந்தச் சாக்கையும் எடுத்துவிட்டால் ஒதுங்க இடமில்லை.

இனி மண். தோட்டக்காரர்கள் பீட் என்று சொல்லும் கருஞ்சதுப்பு மண் அது. இடைவேளையில் மேடைப் பணியாளர்கள் தள்ளுவண்டித் தொட்டிகளில் கொண்டுவந்து கவிழ்த்து, வாரிகளால் இழுத்து நிரவுகிறார்கள். பல அரங்குகளில் திரை போடாமலேயே இதைச் செய்கிறார்கள், பார்வையாளர்களில் பலர் இருக்கையை விட்டு எழுவதில்லை. விம் வெண்டர்ஸ் 2011-ல் எடுத்த ‘பினா’ படத்திலும் மண் நிரவும் காட்சி உண்டு.

இந்த மண் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, காலை இழுக்கிறது. மென்மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள். மேடையில் போடும் மண் கடற்கரை அளவுக்கு ஆழமில்லை என்றாலும், ஒவ்வொரு தாவலிலும் உந்துவிசையில் கொஞ்சம் மண்ணுக்குள் போய்விடுகிறது. இரண்டு, வியர்த்த உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. பத்தாவது நிமிடத்தில் முழங்கால், இருபதாவது நிமிடத்தில் முதுகு, கடைசியில் முகம். யாரும் ஒப்பனை போட்டுக் காட்டாமலே காலம் உடம்பில் எழுதப்படுகிறது. மூன்று, தடம் பதிகிறது. நிரவிய சமதரை முடிவில் உழுத வயல்போல் கிடக்கும். மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வட்டம் சுற்றிய இடமும், கூட்டம் ஒடுங்கிய மூலையும் அப்படியே வரைபடமாகத் தெரியும். வாய்ப்பிருந்தால் மேல்தளத்து இருக்கையை எடுங்கள். முன்வரிசையில் மூச்சுச் சத்தம் கேட்கும், ஆனால் இந்த வரைபடம் கிடைக்காது.

அசைவுகளும் இதற்கேற்றவை. கால்களை அகற்றி ஆழமாகத் தாழ்ந்து, உயர்த்திய கைகளைச் சட்டென்று இறக்கி முழங்கையால் தன் விலாவையே குத்திக்கொள்வது போன்ற ஓர் அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தனியாக ஒருவர் ஒருமுறை செய்தால் ஒன்றுமேயில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில், மூச்சை ஓசையோடு வெளியே தள்ளிக்கொண்டு, நிமிடக்கணக்கில் செய்யும்போது பார்ப்பவர் வயிறே இறுகுகிறது. இந்த மூச்சொலி இசையின் ஒரு பகுதி போலவே ஆகிவிடுகிறது. ஸ்ட்ராவின்ஸ்கி நிறுத்தும் இடங்களில் அதுதான் அரங்கை நிரப்புகிறது.

இசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘தாளமே இல்லாத கூச்சல்’ என்று இதை ஒதுக்குபவர்கள் இன்றும் உண்டு. கணக்கு கச்சிதமானது. முதல் பாகத்தில் தந்தி வாத்தியங்கள் ஒரே சுரக்கூட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் புகழ்பெற்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் எட்டு அளவுகளில் (மேற்கத்திய இசைக்குறிப்பில் ‘பார்’ எனப்படும் பிரிவுகள்) மொத்தம் 32 அடிகள். தட்டிப் பார்த்தால் சீரான சதுஸ்ரம். ஆனால் எட்டு ஹார்ன்கள் சேர்ந்து அழுத்தம் கொடுக்கும் இடங்களை வைத்துப் பிரித்தால் 9, 2, 6, 3, 4, 5, 3 என்று வருகிறது. கூட்டினால் 32 சரியாக நிற்கும். மிருதங்கம் வாசிப்பவருக்கு இந்த மாதிரிப் பிரிப்பு புதிதல்ல. வித்தியாசம் என்னவென்றால், கோர்வையில் எவ்வளவு குழப்பினாலும் கடைசியில் சமத்துக்கு வந்து சேர்வோம் என்ற நம்பிக்கை கேட்பவருக்கு இருக்கும். இங்கே அந்த நம்பிக்கைக்கு இடமே கொடுப்பதில்லை. அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாமல் காத்திருப்பதும், அடுத்து யார் கையில் அந்தச் சிவப்பு உடை வரும் என்று தெரியாமல் காத்திருப்பதும் ஒரே பதற்றம்.

இரண்டாம் பாகத்தில், தேர்வான பெண்ணைப் போற்றும் பகுதிக்குச் சற்று முன், 11 அடிகள் கொண்ட ஒரே ஓர் அளவு வருகிறது. டிம்பனி என்ற கிண்ண முரசும் பெரிய முரசும் தந்திகளும் சேர்ந்து பதினொரு இடி. முதல்முறை கேட்பவர் எட்டில் நிற்கும் என்று நினைப்பார், நிற்காது. கடைசிப் பலி நடனத்தில் அளவு கிட்டத்தட்ட ஒவ்வொரு வரிக்கும் மாறுகிறது. 1913-ல் நிஜின்ஸ்கி பக்கத்திரை மறைவில் நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணிக்கையை உரக்கக் கத்தியதாகப் பதிவு இருக்கிறது, ஏனென்றால் பார்வையாளர் கூச்சலில் ஆடுபவர்களுக்கு இசை கேட்கவில்லை.

நடிப்பா, நிஜமா என்ற கேள்விக்கு வருகிறேன். சாகவேண்டும் என்று தெரிந்தால் எப்படி ஆடுவீர்கள் என்று பௌஷ் தன் கலைஞர்களைக் கேட்டாராம். அதற்குப் பதில் முகபாவத்தில் இல்லை. கடைசித் தனிநடனம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் அதை ஆடுபவர் அதுவரை ஓய்வெடுத்துவிட்டுப் புதிதாக உள்ளே வருபவர் அல்ல. ஏறத்தாழ அரைமணி நேரம் கூட்டத்தோடு சேர்ந்து அதே மண்ணில் ஓடி, விழுந்து, எழுந்தவர். அந்த நிலையில் முழு உடம்பையும் எறிந்து ஆட வேண்டிய ஐந்து நிமிடத்தைக் கடைசியில் வைத்தால் கால் தடுமாறும், தோள்பட்டை நாடா நழுவும், வாய் தானாகத் திறக்கும். அந்தத் தடுமாற்றத்தை யாரும் ‘செய்யவில்லை’. விழும் இடமும் நேரமும் அமைக்கப்பட்டவை, களைப்பு அமைக்கப்பட்டதல்ல. அந்தக் களைப்பு தவறாமல் வந்து சேரும்படி முந்தைய அரைமணியை அமைத்ததுதான் பௌஷின் சாமர்த்தியம். இதை ஆட வரும் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, பயத்தை முதல் நிமிடத்திலேயே முகத்தில் பூசிக்கொள்வது. கண்ணை உருட்டிப் பயந்து காட்டும் ஒருவர் வரிசையில் இருந்தால் போதும், மீதிப் பேரின் உண்மையான மூச்சிரைப்பும் நடிப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வரவேற்பு எப்படியிருந்தது? பௌஷின் ஆரம்ப ஆண்டுகளில் வுப்பர்டாலின் சந்தாப் பார்வையாளர்கள் பாதியில் எழுந்து கதவை அறைந்துவிட்டுப் போவதும், பெயர் சொல்லாத தொலைபேசி வசவுகளும் நடந்தவைதான். ஆனால் அந்தக் கதைகளையெல்லாம் வசந்த பலியின் தலையில் கட்டுவது சரியில்லை. பேச்சும் அன்றாட அசைவுகளும் கலந்த அவருடைய பிற்காலப் படைப்புகளோடு ஒப்பிட்டால், தெரிந்த இசையும் தெளிவான நடனமும் கொண்ட இதை ஏற்றுக்கொள்வது எளிதாகவே இருந்தது. 1979-ல் குழு இந்தியாவுக்கும் வந்தது.

கடுமையான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் கலைவிழாவிலும் தொடர்ந்து நியூயார்க் புரூக்ளின் இசைக் கழகத்திலும் குழு ஆடியது. அங்கே நடன விமர்சனம் பாலன்ஷீன், கன்னிங்ஹாம் என்ற நடன அமைப்பாளர்களின் படைப்புகளில் ஊறியது. உணர்ச்சியைக் காட்டுவதைவிட அசைவின் கட்டமைப்புக்கே அங்கே மதிப்பு. ‘நியூயார்க்கர்’ இதழின் ஆர்லீன் குரோச்சி, பௌஷ் வலியைக் கடைவிரித்து அதில் திளைக்கிறார் என்ற பொருளில் காட்டமாக எழுதினார். பெண்ணியப் பார்வையிலிருந்தும் ஒரு கேள்வி எழுந்தது: ஆண் வன்முறையை இத்தனை அழகாக, இத்தனை ஒத்திசைவாகக் காட்டினால் அது கண்டனமா, கண்காட்சியா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. என் கணிப்பு இது: ஆண்களும் பெண்களும் அதே அசைவுகளை ஆடுகிறார்கள், இரு தரப்பும் ஒரே அளவு களைக்கிறார்கள் என்பதைப் பார்க்கத் தவறினால் குரோச்சி சொன்னது சரியென்றே படும். பெரிய வட்டம் சுற்றும்போது ஆண் முகங்களைக் கவனியுங்கள். அவர்களிடம் வேட்டைக்காரனின் களிப்பு இல்லை, அவர்களும் மாட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் சாவது ஒருத்திதான், தேர்வு செய்வது ஒருவன்தான். அந்தக் கணக்கைப் பௌஷ் நேர்செய்யவில்லை, நேர்செய்யும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆறுதல் எதிர்பார்க்கிற விமர்சனத்துக்கு இதில் இடம் கிடையாது.

பிறகு காற்று திசை மாறியது. 1997-ல் பாரீஸ் ஓபரா பாலே இதைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தது. தன் குழுவுக்கு வெளியே பௌஷ் இதைக் கொடுத்தது அப்போதுதான் முதல்முறை. 2017-ல் இங்கிலிஷ் நேஷனல் பாலே ஆடியது. அதில் தேர்வான பெண்ணாக ஆடிய ஃபிரான்செஸ்கா வெலிகுவுக்கு 2018-ல் பிரிட்டனின் ஒலிவியே மேடைக்கலை விருது கிடைத்தது. பாலே குழுக்கள் ஆடும்போது ஒரு சிக்கல் எப்போதும் தலைகாட்டும். அவர்கள் உடம்பு சிறுவயது முதல் மேல்நோக்கிப் பயிற்றப்பட்டது. எடையைக் கீழே விடச் சொன்னால் அறிவுக்குப் புரியும், இடுப்புக்குப் புரிய வாரங்களாகும். முதல் பத்து நிமிடம் அழகாக, மிக அழகாக, தப்பாக இருக்கும். களைப்பு ஏறிய பிறகு பயிற்சி உதிர்ந்து சரியாகிவிடும்.

பௌஷ் 2009 ஜூன் 30 அன்று மறைந்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை, லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் நடன அரங்கம், செனகலின் எகோல் தே சாப்ல் ஆகிய மூன்றும் சேர்ந்து எடுத்த முயற்சிதான் நீங்கள் பார்த்த கடற்கரைப் பதிவு. எகோல் தே சாப்ல், ஜெர்மேன் அகோனியும் ஹெல்முட் வோக்டும் துபாப் தியாலாவ் என்ற கடலோர ஊரில் நிறுவிய நடனப் பள்ளி. ஆப்பிரிக்காவின் 14 நாடுகளைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அங்கே கூடினார்கள். வுப்பர்டால் குழுவின் மூத்த கலைஞர் ஜோசஃபின் ஆன் எண்டிகாட் உள்ளிட்டவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் டாக்கரில் அரங்கேற்றம் என்று முடிவாகியிருந்த நேரத்தில் பெருந்தொற்றால் கூட்டங்களுக்குத் தடை வந்தது. கலைஞர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் கடற்கரையில் ஒருமுறை முழுதாக ஆடிப் பதிவு செய்தார்கள். அது அந்த ஆண்டு ஜூலையில் இணையத்தில் வெளியானது. மேடைப் பயணம் 2021 செப்டம்பரில் மாட்ரிட்டில் தொடங்கி, 2022-ல் லண்டன், 2023 இறுதியில் நியூயார்க் பார்க் அவென்யூ ஆர்மரி என்று போனது. முதல் பாதியில் அகோனியும், பௌஷின் பழைய சகா மாலு ஐராடோவும் ஆடிய இருவர் நடனம். மெதுவானது, பலருக்குப் பொறுமை போதவில்லை. இரண்டாம் பாதியின் வேகத்துக்கு அது நல்ல எதிரெடை என்பது என் எண்ணம்.

இங்கேயும் ஒரு சிக்கலான கேள்வி எழுந்தது. ‘ஆதி மனிதச் சடங்கு’ என்று ஐரோப்பா கற்பனை செய்த ஓர் இசைக்கு ஆப்பிரிக்க உடல்களை ஆடவிட்டால், பழைய காலனியக் கண்ணாடிக்கு நாமே தீனி போடுகிறோமா? நியாயமான ஐயம். ஆனால் மேடையில் நடப்பது வேறு. கலைஞர்கள் மரபு நடனம், தெரு நடனம், சமகால நடனம் என்று வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்தவர்கள். ஒரே பள்ளி வார்த்த உடம்புகள் அல்ல. அதனால் கூட்டு அசைவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். கூட்டம் ஒருவரைப் பலி கொடுக்கும் கதைக்கு, பலி கொடுப்பவர்கள் தனி மனிதர்களாகத் தெரிவது இன்னும் உறைக்கிறது.

கடற்கரைப் பதிவை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். அங்கே பக்கத்திரை இல்லை, இருட்டு இல்லை, ஓடி ஒளிய இடமில்லாத மூடிய மேடையின் நெருக்கடி காணாமல் போகிறது. வெளிர்மணல் உடம்பில் கறையாகப் படிவதில்லை. ஈடாகக் கிடைப்பது மங்கிவரும் ஒளியும், அந்த வெளிர்நிறத்தின் மேல் சிவப்பு உடையும்.

இனி உங்கள் குழுவுக்கு. பௌஷின் நடன அமைப்பை அப்படியே எடுத்து ஆட முடியாது, உரிமை அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கி இறந்தது 1971-ல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பதால் இசையின் உரிமை 2031 முடிய இருக்கும், ஐரோப்பாவில் 70 ஆண்டுக் கணக்கில் 2041 வரை. ஒலிப்பதிவுக்கு உரிமை தனி. ஆகவே உங்கள் சொந்த நடனம், சொந்த இசை, மண் மட்டும் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பௌஷை ஆடியே தீரவேண்டும் என்றால் ‘நெல்கன் வரிசை’ இருக்கிறது. நாலு பருவங்களைக் கைச்சைகையால் காட்டிக்கொண்டு வரிசையாக நடக்கும் அதை யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று அறக்கட்டளையே அழைப்பு விடுத்திருக்கிறது.

தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். களிமண் வியர்வை பட்டால் வழுக்கும், காய்ந்தால் கட்டியாகும், கல்லும் கண்ணாடியும் கலந்திருக்கும், எடையும் கன மீட்டருக்கு ஒன்றரை டன் வரை வரும். எரு, கம்போஸ்ட் கலந்ததும் கூடாது. சிராய்ப்புள்ள தோலுக்கும் நுரையீரலுக்கும் அதிலுள்ள கிருமிகளும் பூஞ்சையும் ஆகாது. பீட் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் சதுப்பு நிலத்தைச் சுரண்டி எடுப்பது என்பதால் இப்போது எதிர்ப்பும் இருக்கிறது. தேங்காய் நார்த்தூளான கோகோபீட் போதும். உப்பு நீக்கிக் கழுவிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் சிராய்ப்பில் எரியும். நிறம் கறுப்பாக வராது, பழுப்புதான்.

கணக்கு: 8 மீட்டருக்கு 6 மீட்டர் ஆடுகளம் என்றால் 48 சதுர மீட்டர். 4 செ.மீ. கனத்துக்கு 1.92 கன மீட்டர். மிதித்தால் அமுங்கும் என்பதால் கால்பங்கு கூட்டி 2.4 கன மீட்டர். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் ஆகும், எனவே 34 அல்லது 35 கட்டி. ஈரத்தோடு மொத்தம் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு, சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்குள் அடங்கும். பரப்பிய பாரத்தை மேடை தாங்கும். ஒரே இடத்தில் குவித்து வைப்பதும், நிறைந்த தள்ளுவண்டியின் சிறு சக்கரங்களும்தான் பலகையை உடைக்கும்.

அடியில் மரத்தரையைக் காக்க மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் தடித்த கித்தான். தார்ப்பாயை மேலே போட்டால் மண்ணும் காலும் சேர்ந்து வழுக்கும். கித்தானை இழுத்துக் கட்டி ஓரத்தை ஆணியடித்துவிடுங்கள். சுருக்கம் விழுந்தால் கால்விரல் சிக்கி நகம் பெயரும். சுற்றிலும் 10 செ.மீ. உயர மரச்சட்டம். நடுவில் ஒரு செ.மீ. கூடுதலாகப் போடுங்கள். வட்டம் சுற்றும் இடத்தில் மண் விலகி ஓரத்துக்குப் போய்விடும், வெறும் கித்தானில் உள்ளங்கால் உரசினால் தீக்காயம் போலாகும்.

ஈரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முழுக்கக் காய்ந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. காட்சிக்கு முன் அவசரமாகத் தெளித்தால் மேலே சேறு, கீழே தூசி. இரண்டு நாள் முன்னதாகவே ஊறவைத்து, 6 மி.மீ. சல்லடையில் சலித்து நாரையும் கட்டியையும் எடுத்துவிட்டு, நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். மேடை விளக்கின் சூட்டில் மேல்பரப்பு காய்ந்துகொண்டே இருக்கும் என்பதால் காட்சிக்கு அரைமணி முன் மெல்லிய தூவல் ஒன்று. காய்ந்த கோகோபீட் கனன்று எரியும். தரையோடு வைக்கும் விளக்குகள் மண்ணில் புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீப்பந்தம் போன்ற யோசனைகளைக் கைவிடுங்கள்.

ஆடுபவர்களுக்கு முதலில் அடிபடுவது முழங்கால். மண்ணில் பாதம் சுழலாது, உடம்பு சுழலும், முறுக்கு முழுதும் முழங்காலில் இறங்கும். ஒற்றைக்காலில் சுற்றும் இடங்களையெல்லாம் இரண்டு மூன்று அடியாக உடைத்து அமைத்துவிடுங்கள். அடுத்தது கெண்டைக்காலும் குதிகால் நரம்பும், குதிகால் புதைவதால். அதனால் முதல் வாரம் மண்ணில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தாவல் மண்ணில் ஒரு கணம் தாமதமாகவே கிளம்பும். வெறும் தரையில் ஒத்திகை பார்த்துவிட்டு நேரே மண்ணுக்கு வந்தால் எல்லோரும் தாளத்துக்குப் பின்னால் விழுவார்கள், அதுவும் ஆளுக்கு ஓர் அளவில். கடைசிப் பத்து நாளாவது மண்ணிலேயே ஒத்திகை வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஆடக் கூடாது. பக்கத்திரை அருகே கண் கழுவச் சுத்தமான நீர், உள்ளே வருமுன் வெட்டுக்காயங்களுக்கு ஒட்டுப்போட்டு மூடுதல், டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் இருத்தல் ஆகிய மூன்றையும் மேடை மேலாளர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். உடை ஆளுக்கு இரண்டு ஜோடியாவது. முடிந்தவுடன் குளிர்ந்த நீரில் ஊறப்போட வேண்டும், வெந்நீர் கறையை நிலைக்க வைத்துவிடும். காட்சிகளுக்கிடையே மண்ணைப் பிளாஸ்டிக்கால் மூடினால் ஒரே இரவில் பூஞ்சை வாடை கிளம்பும். பருத்தித் துணி போட்டு, காலையில் ஒருமுறை வாரியால் கிளறிவிடுங்கள். புளித்த வாடை வந்துவிட்டால் அந்த மண்ணை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.